தலைமன்னார்–மாத்தளை நடைவழியைச் சட்டத்தில் எழுதுங்கள்: பாராளுமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு,

தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையகத் தமிழரான எங்கள் முன்னோர் நடந்து வந்த வழியில் ஓர் அறிவிப்புப் பலகையாவது நட்டுத் தாருங்கள் என்று அரச அலுவலகம் ஒன்றுக்கு எழுதிக் கேட்டிருந்தேன். பல மாதம் கழித்துப் பதில் வந்தது. "மேற்படி பெயரில் பாதை எதுவும் எமது பதிவேடுகளில் இல்லை, ஆகவே தங்கள் கோரிக்கையைப் பரிசீலிக்க முடியாதுள்ளது என்பதை அறியத்தருகிறேன்." இரண்டே வரி, ஒரு இறப்பர் முத்திரை. எழுதிய அலுவலரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் பதிவேட்டைப் புரட்டினார், காணவில்லை, காணவில்லை என்று எழுதினார். இல்லாததைப் பதிவேட்டில் ஏற்ற அவருக்கு அதிகாரம் கிடையாது. உங்களுக்கு இருக்கிறது. ஆகவே உங்களிடம் வருகிறேன்.

எந்தப் பாதையைச் சொல்கிறேன் என்பதில் சந்தேகம் வேண்டாம். 1820களில் தொடங்கி, கண்டிச் சீமையில் கோப்பித் தோட்டம் போடுவதற்காகத் திருச்சி, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம் பக்கத்து ஊர்களிலிருந்து கங்காணிமார் ஆள் கட்டிக் கூட்டி வந்தார்கள். ஊரிலிருந்து கடற்கரை வரை நடை. அங்கிருந்து தோணி. தலைமன்னாரிலோ மன்னாரின் வேறு துறைகளிலோ இறங்கியதும் மறுபடி நடை. மன்னார், முருங்கன், மடு, செட்டிகுளம், மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா, மாத்தளை என்று சுமார் 250 கிலோமீற்றர். மாத்தளைக்கு வந்த பிறகுதான் எந்தத் தோட்டம், எந்தத் தொரை என்பதெல்லாம். வழியில் பெரும்பகுதி வறண்ட காடு. கொலரா, அம்மை, காய்ச்சல். விழுந்தவரைத் தூக்கிச் சுமக்க மற்றவர் உடம்பில் தெம்பு இருக்கவில்லை, ஆகவே விழுந்த இடத்தில் விட்டுவிட்டு நடந்தார்கள். 1840களில் மட்டும் 70,000 பேர் வரை மாண்டிருக்கலாம் என்று அந்தக் காலத்திலேயே எழுதினார்கள். தொகை கூடுதலா குறைவா என்று வரலாற்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். வாதிடட்டும். பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் 35,000 மனிதர்கள். அவர்கள் எந்த இடத்தில் புதைந்தார்கள் என்று குறித்து வைத்த ஆவணம் ஒன்றை நான் இன்றுவரை கண்டதில்லை. உயிரோடு வந்து சேர்ந்தவர்களுக்கு வழிச்செலவைக் கடனாக எழுதி, சம்பளத்தில் பிடித்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நடந்து வந்ததற்கே கடன்.

1860களின் இறுதியில் கோப்பிச் செடியை இலைநோய் தின்றது, தேயிலை வந்தது. அதன் பிறகு இந்த நாடு எதை விற்றுப் பிழைத்தது என்பதைப் பாராளுமன்றத்துக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பலும், தலைமன்னாரிலிருந்து இரயிலும் ஓடத் தொடங்கின. அந்த நெடுநடையின் கதை எங்கள் வீட்டுக் கிழவிகளின் வாயில் மட்டும் தங்கியது.

எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், அப்பாயி அதை இருட்டிய பிறகுதான் சொல்லுவாள். அவளுடைய ஆத்தா சொன்னதாம். தங்கச்சிக்குக் கழிச்சல் வந்து, ஒரு மரத்தடியில் படுக்க வைத்து, தலைமாட்டில் தண்ணிச் செம்பை வைத்துவிட்டு, கூட்டத்தோடு போய்விட்டார்களாம். எந்த ஊர், எந்த மரம் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. செம்பு மட்டும் தெரியும், பித்தளைச் செம்பு, கழுத்தில் நசுங்கல். எங்களுக்கு வரலாறு இப்படித்தான் கிடைத்திருக்கிறது. இதைக் கொண்டுபோய் எந்தத் திணைக்களத்தின் எந்தப் படிவத்தில் நிரப்புவது?

2023இல் நாங்கள் வந்து 200 ஆண்டு. ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடியும்படி நினைவு நடை ஒன்று நடந்தது. சிவில் அமைப்புகளும் தோட்டத்து மக்களும் கூடிச் செய்த காரியம். அதில் ஒரு பகுதியை நானும் நடந்தேன். மிச்சத்தைப் பிறகு விட்டு விட்டு, பல தடவையாக நடந்து முடித்தேன். வயது போனவன் என்பதால் வேகம் இல்லை, ஆகையால் பார்ப்பதற்கு நேரம் இருந்தது.

மன்னார்த் தீவில் பனையும் கழுதைகளும் காற்றாலைகளும். பாலத்தைக் கடந்து முருங்கன் பக்கம் வந்தால் கட்டுக்கரைக் குளத்து வயல்கள், அதுவரைக்கும் சரி. மடுச் சந்தியைத் தாண்டினால் வெயில் மேலே இருந்து மட்டும் அடிக்காது, தார் வீதியிலிருந்தும் அடிக்கும். போத்தல் தண்ணீர் கொஞ்ச நேரத்தில் தேநீர்ச் சூட்டுக்கு வந்துவிடுகிறது. சப்பாத்தும் தொப்பியும் போட்டுக்கொண்டு, பின்னால் முச்சக்கர வண்டியில் பிஸ்கட் வர, நாங்கள் இந்தப் பாடு பட்டோம். மதவாச்சியில் ஏ9 வீதியில் ஏறிய பிறகு இன்னொரு தொல்லை. லொறிக்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டே உரசிப் போகிறார்கள், ஒதுங்கி நிற்க வீதியோரம் இல்லை. றம்பாவையிலும் திறப்பனையிலும் சிங்கள வீட்டுக்காரர்கள் கூப்பிட்டுக் கொத்தமல்லி ஊற்றித் தந்தார்கள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்கள். சொன்னோம். நடுவயதுக்காரர் பலருக்கு இது புதுச் செய்தி. கிழவர்கள் சிலர் மட்டும் தலையை ஆட்டினார்கள்.

தம்புள்ளைக்கும் நாவுலைக்கும் இடையில், வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே, கருங்கல் கட்டிய பழங்கிணறு ஒன்றைக் காட்டினார் அப்படி ஒரு கிழவர். கயிறு உரசி உரசி விளிம்புக் கல்லில் விரல் புதையும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தது. வடக்கு வீதியால் வந்த தோட்டத்து ஆட்கள் தண்ணீர் குடித்த கிணறு என்று தன் தாத்தா சொன்னதாகச் சொன்னார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்த வழியில் கிணறுகளும் தங்கு கொட்டகைகளும் அமைத்தது வரலாற்றில் இருப்பதுதான். இந்தக் கிணறு அதில் ஒன்றா என்று சொல்ல ஒரு நிபுணர் வந்து பார்த்திருக்க வேண்டும். அடுத்த முறை நான் போனபோது கிணறு இல்லை. வீதி வேலைக்குக் கொண்டுவந்த கிரவலைக் கொட்டி நிரப்பி, மேலே கல்லரைக்கும் இயந்திரத்தை நிறுத்தியிருந்தார்கள். பொறுப்பாக நின்ற பெடியனிடம் கேட்டேன். "ஐயா, இது பாதுகாக்கப்பட்ட இடம் என்று பேப்பர் ஏதும் இருக்கிறதா?" என்று மரியாதையாகத்தான் கேட்டான். என்னிடம் பேப்பர் இல்லை. பேப்பர் தரவேண்டியவர்கள் நீங்கள்.

இதே நாட்டில் இன்னொரு நெடுந்தூர நடைவழி இருக்கிறது, அதன் நிலைமையைப் பாருங்கள். ஹந்தானையில் தொடங்கி ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல என்று சுற்றி நுவரெலியாவில் முடியும் பெக்கோ ட்ரெயில். 300 கிலோமீற்றருக்கு மேல், 22 கட்டங்கள். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க உதவி நிறுவனமும் கைகொடுத்தன, சுற்றுலாத் துறை உலகத்துக்கு அதைக் காட்டி ஆள் அழைக்கிறது. எனக்கு அதில் பொறாமை இல்லை. தோட்டத்துப் பிள்ளைகள் சிலருக்கு வழிகாட்டி வேலை கிடைத்தால் நல்லதுதான். ஆனால் அந்த வழியில் நடக்கிற வெள்ளைக்காரப் பயணி எங்கள் லயத்துக்கு முன்னால் நின்று படம் எடுக்கிறார். இந்த ஆட்கள் இங்கே எப்படி வந்தார்கள் என்று அவர் கேட்டால் காட்டுவதற்கு அரசிடம் ஒரு கல்லும் இல்லை. தேயிலைக்குள் நடக்கும் பாதைக்கு வரைபடமும் இலக்கமும் உண்டு. தேயிலையை நட்டவர்கள் நடந்து வந்த பாதை பதிவேட்டில் இல்லை.

இனி, சட்டம் எதற்கு, ஒரு சுற்றறிக்கை போதாதா என்று கேட்பீர்கள். போதாது. எங்களுக்கு இந்தச் சபை செய்தவை எல்லாம் சட்டத்தின் மூலம்தான் செய்யப்பட்டன. 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு தேர்தல் சட்டத்தைத் திருத்தி வாக்கைப் பறித்தீர்கள். 1964 ஒக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று பங்கு போட்டார்கள். எங்களில் ஒருவரையும் கேட்கவில்லை. பிறகு 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை தந்தது. அதற்கு இந்தச் சபை முழுதும் ஆதரவு தந்ததை நாங்கள் மறக்கவில்லை.

1964க்குப் பிறகு நடந்ததை நான் சிறுவனாகப் பார்த்தேன். எங்கள் சித்தப்பா குடும்பத்துக்கு இந்தியாவுக்குப் போகும் பாஸ் வந்தது. தகரப் பெட்டி, அம்மிக் கல், சுருட்டிய பாய். ஸ்டேசனில் கோச்சி அசைந்ததும் எழும்பிய அழுகையை இன்றைக்கும் என்னால் விவரிக்க முடியாது. அந்தக் கோச்சி எங்கே போனது? மதவாச்சியால் திரும்பித் தலைமன்னாருக்கு. அங்கே கப்பல், அக்கரையில் இராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம், அதன் பிறகு நீலகிரியில் இன்னொரு தேயிலைத் தோட்டம். பாட்டன்மார் எந்த வழியால் நடந்து வந்தார்களோ, அதே வழியால் பேரப்பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியது இந்த அரசு. 1977 கலவரத்தில் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்டவர்களும் இதே திசையில்தான் ஓடினார்கள். வவுனியா, செட்டிகுளம் பக்கத்தில் அவர்களுடைய பிள்ளைகள் இன்றைக்கும் குடியிருக்கிறார்கள். நான் நடந்தபோது ஒரு வீட்டில் சோறு போட்டவர்களின் பூர்வீகம் எங்கள் பக்கத்துத் தோட்டம். ஆகவே, தலைமன்னார்–மாத்தளை வழி எங்களுக்கு வந்த பாதை மட்டும் இல்லை, போன பாதையும்தான். இரண்டிலும் அரசின் கை இருக்கிறது. அரசு இதைச் சட்டத்தால் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கேட்பது அதிகம் இல்லை.

இருக்கிற சட்டங்களில் இதற்கு இடமில்லை. 1940இன் தொல்பொருட் கட்டளைச் சட்டம் கட்டடத்தையும் சிலையையும் கல்வெட்டையும் மனதில் வைத்து எழுதியது. எங்கள் ஆட்கள் கல்வெட்டு வெட்டவில்லை. 2005இன் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் போனால் இது ஒரு சுற்றுலாப் பண்டமாகிவிடும், அதை நாங்கள் விரும்பவில்லை. வெளிநாட்டுத் திட்டப் பணத்தில் பலகை நட்டால் திட்டம் முடிகிற அன்று பராமரிப்பும் முடியும்.

வேறு நாடுகளின் பாராளுமன்றங்கள் இதைச் செய்திருக்கின்றன. அமெரிக்கா 1968இல் தேசிய நடைவழிகளுக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. முதலில் அப்பலாச்சியன், பசிபிக் கிரெஸ்ட் என்ற இரண்டு மலைவழிகள். 1978இல் வரலாற்று நடைவழி என்று தனி வகையைச் சேர்த்தார்கள். 1838–39இல் செரோக்கி மக்களை அவர்கள் மண்ணிலிருந்து அந்த அரசே துரத்தி நடக்க வைத்து, ஆயிரக்கணக்கில் சாகவிட்ட கண்ணீர்ப் பாதையை, 1987இல் அதே நாட்டின் காங்கிரஸ் சட்டத்தில் ஏற்றியது. கறுப்பின மக்கள் வாக்குரிமைக்காக 1965இல் நடந்த செல்மா–மொன்ட்கொமரி வழியை 1996இல் ஏற்றியது. எங்களுக்கு மிகவும் உதவக்கூடிய ஓர் ஏற்பாடு அந்தச் சட்டத்தில் இருக்கிறது. வரலாற்று நடைவழி என்றால் அடிக்கு அடி நடக்கக்கூடிய பாதையாக இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. இடையில் நெடுஞ்சாலை வந்திருக்கலாம், வயல் வந்திருக்கலாம். முழு வழியையும் அங்கீகரித்துவிட்டு, எஞ்சியிருக்கும் இடங்களை அடையாளமிட்டுப் பாதுகாக்கலாம். "அதுதான் இப்போது ஏ9 வீதியாகிவிட்டதே" என்று சொல்லப்போகிறவர்களுக்கு இது பதில். இங்கிலாந்தில் 1949இல் சட்டம் வந்தும், பென்னைன் வழி என்ற நெடுந்தூர நடைவழி திறக்க 1965 ஆகிவிட்டது. இன்று தொடங்கினாலும் எனக்குப் பார்க்கக் கிடைக்குமோ தெரியாது.

இன்னொரு மறுப்பையும் எதிர்பார்க்கிறேன். வழியில் பாதிக்கு மேல் சிங்கள ஊர்கள், மிகிந்தலையும் தம்புள்ளையும் பௌத்த புனித இடங்கள், அங்கே தமிழர் பேரால் ஒரு பாதையா? அந்த ஊர்க்காரர்கள் எங்களுக்குத் தண்ணீர் தந்தார்கள் என்று மேலே எழுதிவிட்டேன். பயம் ஊர்களில் இல்லை, மேடைகளில்தான் இருக்கிறது. ஆனாலும் சட்டம் எங்கள் பாதைக்கு மட்டும் என்று நான் கேட்கவில்லை. மரபு நடைவழிகள் அனைத்துக்குமான பொதுச் சட்டமாக வரட்டும். செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் போகும் பாதயாத்திரைக்காரர்களின் அவலத்தைக் கேட்டுப் பாருங்கள். உகந்தைக்கு அப்பால் குமண, யால காட்டுப்பாதை எந்தத் திகதியில் திறக்கும், எந்தத் திகதியில் மூடும் என்று ஒவ்வோராண்டும் கூட்டம் போட்டு முடிவெடுக்கிறார்கள், வயதானவர்கள் வேல் எடுத்துக்கொண்டு வழியில் காத்துக் கிடக்கிறார்கள். அந்தப் பாதையும் அட்டவணையில் வரட்டும். சிவனொளிபாத மலைக்கு ஏறும் பழைய வழிகள் வரட்டும். பெக்கோ ட்ரெயிலும் வரட்டும், ஆட்சேபனை இல்லை.

ஆகவே நான் கேட்பவை இவை.

மரபு நடைவழிகளுக்கான தேசியச் சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவாருங்கள், அதன் முதல் அட்டவணையில் தலைமன்னார்–மாத்தளை வழியைப் பெயர் சொல்லி எழுதுங்கள். அமைச்சர் நினைத்தால் சேர்க்கலாம், நினைத்தால் நீக்கலாம் என்ற ஒழுங்குவிதிக்கு அதை விட்டுவிடாதீர்கள்.

சட்டம் வரும்வரை, மன்னாரிலிருந்து மாத்தளை வரை எந்த வீதி அகலிப்பு வேலைக்கும் முன்னதாக நில ஆய்வு ஒன்றைக் கட்டாயமாக்குங்கள். கிணறு, கொட்டகை, வழிப்போக்கர் தங்கும் அம்பலம், புதைகுழி என்று ஊரவர் காட்டும் இடங்கள் பதிவாக வேண்டும். றஜரட்டப் பல்கலைக்கழகம் மிகிந்தலையில், இந்த வழியின் மேலேயே இருக்கிறது. பேராதனையும் யாழ்ப்பாணமும் இருக்கின்றன. மூன்றின் வரலாற்று, தொல்லியல் துறைகளிடமும் சேர்த்து ஒப்படையுங்கள். சொல்லக்கூடிய கிழவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள், இதில் தாமதம் கூடாது.

நிர்வகிக்கும் சபையில் மலையகத் தமிழரும் வழியோர ஊர்களின் பிரதிநிதிகளும் பெரும்பான்மையாக இருக்க வேண்டும், அதில் பெண்கள் பெயருக்கு ஒருவராக இருக்கக்கூடாது. எவருடைய காணியையும் வீட்டையும் மீனவர் துறையையும் பாதை என்ற பேரால் எடுக்கக்கூடாது. நடப்பவர்களிடம் கட்டணம் வாங்கக்கூடாது. பாட்டன் செத்த வழியில் நடக்க நான் டிக்கெட் எடுக்கமாட்டேன்.

பலகைகள் மூன்று மொழியிலும் நேராகப் பேச வேண்டும். "தோட்டத் தொழிலாளர் வருகை தந்த மார்க்கம்" என்று பூசி மெழுகாமல், எப்படிக் கொண்டுவரப்பட்டார்கள், எதனால் செத்தார்கள், யார் பொறுப்பு, 1964க்குப் பிறகு யார் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்று எழுதுங்கள். வழியில் ஒரு நாள் நடைத் தூரத்துக்கு ஒன்றாவது குடிநீரும் நிழலும் கழிப்பறையும் வேண்டும். மதவாச்சிக்குத் தெற்கே வீதியோரத்தில் நடப்பவர் ஒதுங்க இடம் வேண்டும்.

அக்கரையில் மண்டபமும் தோணி ஏறிய துறைகளும் இருக்கின்றன. அவற்றையும் சேர்த்து அடையாளமிடுவது பற்றி இந்திய அரசுடனும் தமிழ்நாட்டு அரசுடனும் பேசும்படி வெளிவிவகார அமைச்சுக்குப் பணியுங்கள்.

ஆளும் தரப்பான தேசிய மக்கள் சக்தியினருக்கு ஒரு வார்த்தை. 2023 ஒக்டோபரில் ஹட்டனுக்கு வந்து எங்களுக்கென்று ஒரு பிரகடனம் வாசித்தீர்கள். இப்போது சபையில் மூன்றில் இரண்டுக்கு மேல் உங்கள் கையில் இருக்கிறது. இதற்குப் பெரிய செலவும் இல்லை, அரசியலமைப்புத் திருத்தமும் தேவையில்லை. அரசாங்கம் கொண்டுவராவிட்டால் வன்னி, அநுராதபுரம், மாத்தளை, கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்ட உறுப்பினர்கள் கட்சி பாராமல் கூடித் தனிநபர் சட்டமூலமாகவாவது கொண்டுவாருங்கள். முன்வரைவு ஒன்றை எழுதித் தர எங்களில் சட்டம் படித்த பிள்ளைகள் ஆயத்தமாக இருக்கிறார்கள். சபையில் இதைச் சமர்ப்பிக்கப்போகிறவர் யார் என்பதை அடுத்த வரவுசெலவுத்திட்ட விவாதம் தொடங்குமுன் எங்களுக்கு எழுத்தில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மாத்தளை மாவட்டத் தோட்டமொன்றில் பிறந்த, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்